வாய்ப்புண்ணும் என் மாமியாரும்

கல்யாணமாகி விழுப்புரத்துக்கு வந்த மூன்றாவது மாதத்தில் எனக்கு முதல் வாய்ப்புண் வந்தது. நாக்கின் இடது ஓரத்தில் மிளகளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி, அதைச் சுற்றி சிவப்பாக ஒரு வளையம். காலையில் பல் துலக்கும்போது சுருக்கென்றது. மத்தியானம் சோற்றில் கை வைத்த பிறகுதான் அது எவ்வளவு பெரிய விவகாரம் என்று தெரிந்தது.

என் மாமியார் முகையூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். முகத்துக்கு நேராக அவளை ஒருநாளும் ஒருமையில் பேசியதில்லை. எழுதும்போதாவது அந்த மரியாதையை விட்டுவிடலாம் என்று இருக்கிறேன். அவளுடைய அண்ணன் வீட்டிலிருந்து வருடத்துக்கு ஒருமுறை சாக்கு நிறைய மிளகாய் வரும். அது தீரும்வரை அந்த வீட்டில் குழம்பு என்றால் சிவப்பு நிறம்தான். காரம் குறைந்தால் சோறு செமிக்காது என்று நம்பினாள். அன்றைக்குக் கத்தரிக்காய்க் காரக்குழம்பு. ஒரு வாய் வைத்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சோற்றைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தேன்.

"இன்னா, சோத்தக் கையில வச்சிக்கினு வேடிக்கை பாக்குற?"

"நாக்குல புண்ணு வந்திருக்கு அத்தை. காரம் பட்டா எரியுது."

"எங்க வூட்டுல இதுவரைக்கும் யாருக்கும் வாயில புண்ணு வந்ததில்ல. நீ வர்றப்பவே கொண்டாந்துட்ட போல கீது."

இதை என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, மகனைப் பார்த்துச் சொன்னாள். அவர் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. சரக்கு ரயிலில் கார்டு வேலை அவருக்கு. வீட்டில் இருக்கும் நாளைவிட வண்டியில் இருக்கும் நாள்தான் அதிகம். சின்ன வயதிலேயே அப்பாவை இழந்த ஒரே பிள்ளை. அம்மா தனியாக நின்று வளர்த்திருக்கிறாள். அந்தக் கஷ்டம் எனக்குப் புரியாமல் இல்லை. புரிந்துகொண்டதால் அவளைப் பிடித்துவிடவும் இல்லை.

நான் கல்யாணத்துக்கு முன்பே டைப்ரைட்டிங், ஷார்ட்ஹேண்ட் இரண்டிலும் முதுநிலைத் தேர்வு முடித்திருந்தேன். திண்டிவனத்தில் ஓர் இன்ஸ்டிட்யூட்டில் ஷார்ட்ஹேண்ட் டீச்சர் வேலை கிடைத்தது. காலையில் விழுப்புரத்தில் பஸ் பிடித்தால் விக்கிரவாண்டி வழியாகப் போய் இறங்கி, சாயங்காலம் அதே வழியில் திரும்பி வருவேன். மருமகள் பஸ் ஏறி வேலைக்குப் போவது மாமியாருக்குப் பிடிக்கவில்லை. அதைத் தடுக்க அவளால் முடியவில்லை. அதனால் வாய்ப்புண் வந்தபோது அவளுக்குக் காரணம் தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

பின்சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாளிடம், நான் துணி துவைத்துக்கொண்டிருக்கும்போதே, எனக்குக் கேட்கும்படி சொன்னாள்: "எம் மருமவளுக்கு வாயெல்லாம் புண்ணு. வெளிய கண்டதத் தின்னுக்கினு திரியறா, பின்ன இன்னா ஆகும்?"

வெளியில் நான் எதுவும் தின்றதில்லை. வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போன எலுமிச்சம்பழச் சோறுதான். புண்ணில் எலுமிச்சை பட்டால் எப்படி இருக்கும் என்று தெரிந்தேதான் அந்த வாரம் அதைக் கட்டிக் கொடுத்தாள் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

முதல் புண் ஒரு வாரத்தில் ஆறியது. கொஞ்ச நாளில் அதே இடத்தில் இன்னொன்று வந்தது. பிறகு ஒன்று ஆறுவதும் ஒன்று முளைப்பதுமாகிவிட்டது. மாமியார் அதைச் சூடு என்றாள். தலையில் நல்லெண்ணெய் வைத்துக் குளிக்கச் சொன்னாள், குளித்தேன். வெந்தயத்தை ஊறவைத்து விழுங்கச் சொன்னாள், விழுங்கினேன். உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளிக்கச் சொன்னாள். அதைக் குளியலறையில் செய்ய விடவில்லை. தெருக் குழாயில் பெண்கள் குடத்தோடு நிற்கும் நேரத்தில் வாசலில் நின்று கொப்பளிக்க வேண்டும். "உள்ள துப்பாத, நாறும்" என்பாள்.

ஒருநாள் மாசிக்காயை உரசித் தேனில் குழைத்து எடுத்துக்கொண்டு வந்தாள்.

"வாயத் தொற."

"குடுங்க அத்தை, நானே தடவிக்கறேன்."

"உனக்கு எங்க கீதுன்னு தெரியுமா? தொறடி."

கட்டைவிரலால் தடவினாள். களி கிண்டியே காய்த்துப்போன விரல். புண்ணின் மேல் வைத்து அழுத்தித் தேய்த்தாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். அவள் விரலை எடுக்கவில்லை.

"எரிஞ்சாதான் ஆறும்" என்றாள்.

மறுநாள் வலி கொஞ்சம் குறைந்திருந்தது என்பது உண்மை. மாசிக்காயைக் குறை சொல்ல மாட்டேன்.

எனக்குத் தெரிந்த மருந்து மணத்தக்காளி. என் பிறந்த ஊர் பனமலைக்குப் பக்கம். எங்கள் வீட்டில் யாருக்காவது வாயில் புண் வந்தால் அம்மா மணத்தக்காளிக் கீரையைப் பாசிப்பருப்போடு வேகவைத்து, தேங்காய்ப் பால் ஊற்றி இறக்குவாள். பச்சை இலையை மென்று சாற்றை வாயில் நிறுத்திக்கொள்வதும் உண்டு. விழுப்புரம் வீட்டில் குளியலறைத் தண்ணீர் ஓடும் இடத்தில் ஒரு செடி தானாக முளைத்திருந்தது. தினமும் காலையில் நாலு இலை பறித்து மெல்லுவேன். அந்தக் கசப்பு இறங்கிய பிறகு ஒரு மணி நேரமாவது வாய் என் வசத்தில் இருக்கும்.

ஒருநாள் காலையில் போய்ப் பார்த்தால் செடி இல்லை. மண் கிளறிக் கிடந்தது.

"களையப் புடுங்கிப் போட்டேன்" என்றாள் மாமியார்.

அதைச் சுற்றி இருந்த அருகம்புல் அப்படியே இருந்தது. பிடுங்கிப் போட்ட செடியைக் குப்பையில் தேடி எடுத்து, அதில் இருந்த கறுத்த பழங்களை ஒரு விரிசல் விட்ட மண்சட்டியில் நசுக்கிப் போட்டேன். சட்டியை மாடிக் கைப்பிடிச் சுவரின் மேல் வைத்தேன். முளைத்தது. குளிர் காலம் முடிவதற்குள் கை நிறையப் பறிக்கும் அளவுக்கு வந்துவிட்டது.

ஒரு சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு வரும்போது அந்தச் சட்டி வாசலில் தரையில் இருந்தது. பக்கத்து வீட்டு ஆடு அதில் வாயை வைத்துக்கொண்டிருந்தது. குச்சிகள் மட்டும் மிச்சம். மாமியார் வாசற்படியில் உட்கார்ந்து மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். ஆட்டை விரட்டக் கை நீட்டியிருந்தால் போதும்.

"நீங்கதான கீழ எறக்கி வச்சீங்க?"

"மொளகா காயப் போட எடம் வேணாமா?"

"கைப்பிடிச் சுவத்துமேலயா மொளகா காயப் போடறீங்க?"

"இன்னாடி, கேள்வி மேல கேள்வி கேக்குற? ஒரு செடிக்கு இம்மாம் பேஜாரா?"

"அது எனக்கு மருந்து அத்தை."

"மருந்து வேணும்னா டாக்டராண்ட போ. சம்பாரிக்கற இல்ல, போய்க் காட்டு. பேச்சு பேசறதுக்குக் கொறச்சல் இல்ல. அந்த வாய்க்குப் புண்ணு வராம வேற யாருக்கு வரும்?"

அன்றிலிருந்து எங்களுக்குள் தேவையான பேச்சு மட்டும்தான்.

இன்ஸ்டிட்யூட்டிலும் நிம்மதி இல்லை. ஷார்ட்ஹேண்ட் டீச்சருக்கு வாய்தான் மூலதனம். புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி, ஒரே வேகத்தில் இங்கிலீஷ் கடிதங்களை வாசிக்க வேண்டும். மாணவர்கள் கோடும் புள்ளியுமாக எழுதிக்கொண்டு வருவார்கள். ஒரு சொல் தடுக்கினால் அத்தனை பேரும் தடுக்குவார்கள். நாக்கின் ஓரத்தில் புண் இருந்தால் சில எழுத்துகள் வரவே வராது. நாக்கு பல்லைத் தொடாமல் வாசிக்கப் பார்த்தேன். குடித்துவிட்டு உளறுவதுபோல் இருந்தது. கடைசி பெஞ்சில் சிரித்தார்கள்.

முதலாளி தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து எழுந்து வந்தார்.

"இன்னாம்மா இது? பரீட்சை வருது. பசங்க பணம் கட்டிப் படிக்கறாங்க."

"வாயில புண்ணு சார். ரெண்டு நாள்ல சரியாயிடும்."

"போன மாசமும் இதே ரெண்டு நாள்தான் சொன்னீங்க. டிக்டேஷன் குடுக்க முடியாதவங்களுக்கு இங்க இன்னா வேலை? போய் மெஷினுக்கு எண்ணெய் போடுங்க."

எல்லார் முன்னாலும் புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, மூக்கால் வாசிக்க ஆரம்பித்தார். நான் பக்கத்து அறைக்குப் போய் டைப்ரைட்டர்களைத் துடைத்து, எண்ணெய் விட்டு, ரிப்பன் மாற்றினேன். அதற்குப் பிறகு புண் வந்த நாளெல்லாம் அதுவே என் வேலையானது. நகக்கண்ணில் ஏறிய மசி சோப்புக்கும் போகாது.

அந்த அறையில் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்த டீச்சர் எனக்கு ஏழெட்டு வயது மூத்தவள். நான் அக்கா என்று கூப்பிடுவேன். ஒருநாள் அவள் மருந்துக் கடையிலிருந்து ஊதா மருந்து வாங்கிவந்து பஞ்சில் நனைத்துத் தடவிவிட்டாள். வலி அடங்கியது, ஆனால் உதடும் பல்லும் கத்தரிப்பூ நிறமாகிவிட்டன. பஸ்ஸில் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வந்தேன். வாசலில் மாமியார் பார்த்தாள்.

"இன்னா கோலம் இது? மை குடிச்சிட்டியா? இப்பிடியே தெருவுல நடந்தா வந்த?"

தெருவில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதுதான் அவள் கவலை.

திண்டிவனத்தில் டாக்டரிடமும் போனேன். சத்துக் குறைவு என்று பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை எழுதிக் கொடுத்தார். "தூக்கம் ஒழுங்கா இருக்கா? வீட்ல ஏதாவது பிரச்சனையா? மனசு சரியில்லன்னாலும் இது வரும்மா" என்றார். அதெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். முன்பின் தெரியாத ஒருவரிடம் அந்த வீட்டைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அவர் சொன்னதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். எனக்கு இது அவளால்தான் வருகிறது என்று ஒரு டாக்டரே சொல்லிவிட்டது போல இருந்தது.

மாத்திரையைப் பார்த்த மறுநாளே மாமியார் எனக்கென்று ஒரு டம்ளரையும் தட்டையும் பிரித்து ஜன்னல் மேடையில் தனியாக வைத்தாள். டம்ளரின் அடியில் ஆணியால் பெருக்கல் குறி போட்டிருந்தாள்.

"தொத்திக்கும்" என்றாள்.

"வாய்ப்புண்ணு தொத்தாது அத்தை."

"உனக்குத் தெரியுமா? மாத்திர குடுத்திருக்கான் இல்ல? சும்மாவா குடுப்பான்?"

அந்த வாரம் முகையூரிலிருந்து அவளுடைய அண்ணி வந்திருந்தாள். காபி ஊற்றும்போது அந்த அம்மாள் ஜன்னல் மேடையில் இருந்த டம்ளரை எடுக்கக் கை நீட்டினாள்.

"ஐயோ, அத எடுக்காதீங்க அண்ணி. அது அவளுது."

அண்ணி கையை இழுத்துக்கொண்டாள். பிறகு என் வாயைப் பார்த்தாள். காபி குடித்து முடிக்கும்வரை பார்த்தாள்.

மறுநாள் என் கணவர் டியூட்டி முடிந்து வந்தார். அவர் குளித்துவிட்டு வந்து உட்காரும்வரை காத்திருந்தேன். பிறகு அந்த டம்ளரில் தண்ணீர் மொண்டுகொண்டு போய் அவர் கையில் கொடுத்தேன்.

"குடிங்க."

வாங்கினார். அடியில் இருந்த குறியை விரல் தடவிப் பார்த்தது. அவருக்கு விஷயம் தெரியும். சமையலறை நிலைப்படியில் அவர் அம்மா வந்து நின்றாள். அவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், டம்ளரைக் கீழே வைத்தார்.

"தாகம் இல்ல. அப்பறம் குடிக்கறேன்."

அடுத்த வாரமே திண்டிவனத்தில் ஒரு அரிசி மில்லுக்குப் பின்னால் ஒற்றை அறையை வாடகைக்குப் பிடித்தேன். டிரங்குப் பெட்டியையும் ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ்வையும் வண்டியில் ஏற்றும்போது மாமியார் வாசலில் நின்றாள்.

"போனா திரும்பி வராத."

"வரமாட்டேன் அத்தை."

கணவர் பெட்டியைத் தூக்கி வைக்க உதவினார். அதற்கு மட்டும் கை வந்தது.

திண்டிவனத்தில் என் இஷ்டத்துக்குச் சமைத்தேன். மிளகாயே வாங்கவில்லை. மோர்ச் சோறு, பாசிப்பருப்பு, கேப்பைக் கஞ்சி, தேங்காய்ப் பால். பழைய மண்ணெண்ணெய் டின்களில் மணத்தக்காளி வளர்த்தேன். தவிடு பறந்து வந்து இலைமேல் படியும், கழுவிவிட்டு மெல்லுவேன். எட்டு மணிக்கே படுத்துத் தூங்கினேன். ஒரு மாதம் வாயில் ஒன்றுமில்லை. கணவர் ஓய்வு நாளில் வந்து கயிற்றுக் கட்டிலில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருப்பார். அவரிடம் நாக்கை நீட்டிக் காட்டினேன்.

"பாத்தீங்களா? உங்க வூட்ட வுட்டு வந்தேன், போயிடுச்சு."

அவர் குனிந்து தளர்ந்த கட்டில் கயிற்றை இழுத்து முடிந்தார். எனக்கு அது ரொம்பத் திருப்தியாக இருந்தது.

அதற்குப் பிறகு ஒரு காலையில் நாக்கின் இடது ஓரத்தில், அதே இடத்தில், மறுபடியும் சுருக்கென்றது. கண்ணாடியை எடுத்துக்கொண்டு வெளிச்சத்துக்குப் போய்ப் பார்த்தேன். வெள்ளைப் புள்ளி. நான் தனியாக இருந்தேன். காரம் இல்லை, குத்தல் பேச்சு இல்லை, எலுமிச்சம்பழச் சோறு இல்லை. யாரைத் திட்டுவது என்று தெரியாமல் கண்ணாடியைக் கட்டிலில் வீசினேன்.

பிறகு ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டேன். தக்காளியை விட்டேன். மல்லாட்டையை விட்டேன். அன்னாசிப் பழத்தைத் தொடவில்லை. பிரஷ் உரசுகிறதோ என்று விரலால் பல் துலக்கினேன். மாதவிலக்குக்கு முன்னால் வருகிறதோ என்று கவனித்தேன். சில சமயம் அப்படித்தான் என்று தோன்றும், சில சமயம் இல்லை.

டைப்ரைட்டிங் அக்காவுக்குப் பல் வலி வந்தது. அவளுக்குத் துணையாகக் கடைத்தெருவில் மாடியில் இருந்த பல் டாக்டரிடம் போனேன். அவள் வேலை முடிந்ததும், "இவளுக்கும் பாருங்க டாக்டர், எப்பப் பாத்தாலும் வாய்ப்புண்ணு" என்று என்னை நாற்காலியில் தள்ளிவிட்டாள். அவர் சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்த்தார்.

"எப்பவும் இந்த எடத்துலதான் வருதா?"

தலையாட்டினேன்.

"கடைவாய்ப் பல்லு ஓரம் உடைஞ்சு பிளேடு மாதிரி நிக்குதே. எப்ப உடைஞ்சது?"

யோசித்தேன். கல்யாணமான முதல் வாரம். விழுப்புரத்தில், பந்தி முடிந்து வீட்டுப் பெண்கள் உட்கார்ந்து சாப்பிடும்போது, சோற்றில் கல். நறுக்கென்ற சத்தம் எனக்கு மண்டைவரை கேட்டது. புதுப் பெண் சோற்றைத் துப்பினால் நன்றாக இருக்காதே என்று கல்லையும் பல் துண்டையும் சேர்த்தே விழுங்கிவிட்டேன். கொஞ்ச நாள் கூசியது, பிறகு மறந்துவிட்டேன்.

"பேசறப்ப, சாப்பிடறப்ப நாக்கு போய்ப் போய் அதுல உரசுது. அதனாலதான் புண்ணு. காரம் அத எரிய வைக்கும், உண்டாக்காது. வேற எடத்துல எப்பவாவது வந்தா பயப்படாதீங்க. சில பேருக்கு அப்படி வர்ற உடம்பு. இத மட்டும் தேய்ச்சு வுட்டுடறேன்."

அரத்தால் ராவுவதுபோல் சர்ரென்று ஒரு சத்தம். வாயைக் கொப்பளிக்கச் சொன்னார். நாக்கால் தொட்டுப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது. இரண்டு வருடம் எண்ணெய், வெந்தயம், மாசிக்காய், ஊதா மருந்து, மாத்திரை. வாயைத் திறந்து காட்டு என்று சொன்ன யாரும் பல்லைப் பார்க்கவில்லை. சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் கோபம் கோபமாக வந்தது.

கணவர் வந்தபோது சொன்னேன். அவருக்கு முகமே மலர்ந்துவிட்டது. சிரித்தார்.

"அப்ப இது அம்மாவால வந்ததில்ல."

"அந்தக் கல்லு யாரு பொடச்ச அரிசியில இருந்தது?"

சிரிப்பு நின்றது.

"வுட மாட்ட இல்ல நீ."

"மாட்டேன்."

அதற்குப் பிறகு அந்த இடத்தில் புண் வரவில்லை. உதட்டிலும் கன்னத்திலும் வருடத்துக்கு ஓரிருமுறை வந்து போனது. அதற்கு மணத்தக்காளியே போதுமாக இருந்தது. டிக்டேஷன் என் கைக்குத் திரும்பி வந்தது. முதலாளி நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த வருடம் எதிர் வரிசையில் இன்னொரு இன்ஸ்டிட்யூட் திறந்தார்கள். நான் அங்கே போய்ச் சேர்ந்தேன். ஷார்ட்ஹேண்ட் மாணவர்களில் பாதிப் பேர் என் பின்னாலேயே தெருவைக் கடந்து வந்தார்கள். காற்றோட்டம் வேண்டும் என்று சொல்லி ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டுதான் வாசிப்பேன். எதிரில் அவருக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டிருக்கும்.

கணவருடைய சட்டைகள் ஒவ்வொன்றாகத் திண்டிவனத்துக்கு வந்தன. பிறகு ஷேவிங் பெட்டி வந்தது. நான் கூப்பிடவும் இல்லை, அவர் எதுவும் சொல்லவும் இல்லை. மகனைப் பிரித்துவிட்டேன் என்று மாமியார் விழுப்புரத்தில் சொல்லிக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். மறுக்கவில்லை.

எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்த பிறகு அவள் பார்க்க வந்தாள். எங்கள் திண்டிவனம் வீட்டுக்குள் அவள் கால் வைத்தது அந்த ஒருமுறைதான். குழந்தையின் நாக்கில் வெள்ளையாக மாவு போலப் படிந்து, பால் குடிக்காமல் அழுதுகொண்டிருந்த நேரம். ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து கொடுத்திருந்தார்கள். நான் வெந்நீர் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தபோது மாமியார் குழந்தையை மடியில் கிடத்தி, வெள்ளைத் துணியை விரலில் சுற்றி, சுட்ட வசம்புக் கரியில் தோய்த்து, அதன் வாய்க்குக் கொண்டுபோனாள்.

"வுடுங்க அத்தை. மருந்து வுட்டிருக்கோம்."

"சொட்டு வுட்டா போயிடுமா? தொடச்சு எடுக்கணும். எம் புள்ளைக்கும் இப்பிடித்தான் தொடச்சேன். செத்தா போயிட்டான்?"

"எங் கொழந்த வாயில கைய வைக்காதீங்க."

"நீ யாருடி எனக்குச் சொல்றதுக்கு?"

துணி உதட்டில் பட்டதும் குழந்தை வீறிட்டது. நான் பாத்திரத்தை வைத்துவிட்டுப் போவதற்குள் என் கணவர் குனிந்து அவள் விரலிலிருந்து துணியை உருவிவிட்டார்.

"அம்மா, வுடு. கொழந்தைய அவகிட்ட குடு."

மாமியார் அவரை நிமிர்ந்து பார்த்தாள். அப்படி ஒரு பார்வையை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. குழந்தையைப் பாயில் கிடத்திவிட்டு எழுந்தாள். கொண்டுவந்த பையை எடுத்துக்கொண்டாள்.

"ஜல்தி ஒரு ரிக்‌ஷாவக் கூப்புடு. நான் போறேன்."

சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லி அவர் கெஞ்சினார். நான் சொல்லவில்லை. அவர் பஸ் ஸ்டாண்டுவரை கூடப் போனார். நான் குழந்தையின் உதட்டில் ஒட்டியிருந்த கரியை வெந்நீர்ப் பஞ்சால் துடைத்தேன். இருட்டுவதற்குள் அவர் திரும்பி வந்தார். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"இன்னா சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. ஏறி உக்காந்து ஜன்னலச் சாத்திக்கிச்சு."

நாலைந்து நாளில் குழந்தையின் நாக்கு சுத்தமாகி ஒழுங்காகப் பால் குடிக்க ஆரம்பித்தது. மாமியார் அதற்குப் பிறகு வெகு காலம் விழுப்புரத்தில் இருந்தாள். பண்டிகைக்குப் போவோம். எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவோம். வயதானால் இரண்டு பேருக்கும் மனசு இளகிவிடும் என்று உறவில் பலர் சொன்னார்கள். அவளுக்கு இளகியதாக நான் பார்க்கவில்லை. எனக்கும் இளகவில்லை.